தோல் பட்டறையிலிருந்து எழுந்த திருப்பாடல்



கிறிஸ்தவ இசையின் வரலாற்றைப் புரட்டும்போது பாலஸ்திரினா, பாக், மோட்சார்ட் போன்ற மேதைகளின் பெயர்கள் நம் கண்முன் வந்து நிற்கின்றன. இவர்கள் இசைக் குடும்பங்களிலோ, பேராலயப் பாடற்பள்ளிகளிலோ பயிற்சி பெற்றவர்கள். அரசர்களும் ஆயர்களும் இவர்களுக்குப் பணி தந்து ஆதரித்தார்கள். இன்று நாம் சிந்திக்க இருக்கும் மனிதருக்கு இவை எதுவுமே கிடைக்கவில்லை. அவர் தோல் பதனிடும் தொழிலாளி. ஒரு கண்ணில் பார்வை கிடையாது. ஒரு கால் குட்டை. ஒரு கை சூம்பியது. இசைக் கல்லூரியின் வாசலை அவர் மிதித்ததே இல்லை. ஆனாலும் அமெரிக்க மண்ணில் பிறந்த முதல் பெரிய திருவழிபாட்டு இசையமைப்பாளர் என்று வரலாறு அவரையே குறிப்பிடுகிறது. அவர் பெயர் வில்லியம் பில்லிங்ஸ்.

1746ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் பாஸ்டன் நகரில் பில்லிங்ஸ் பிறந்தார். அவருக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போதே தந்தை இறந்துபோனார். பள்ளிப்படிப்பு அதிகம் வாய்க்கவில்லை. தோல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலைக்கு நடுவே மனத்தில் எழும் மெட்டுகளைப் பட்டறைச் சுவரிலும் தோல்களின் மீதும் சுண்ணக்கட்டியால் எழுதிவைப்பார் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இங்கிலாந்திலிருந்து வந்த பாடல் நூல்களைப் படித்தும், பாடிப் பார்த்தும், அவர் இசையைப் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டார்.

வரி வரியாகப் பாடிய மக்கள்

பில்லிங்ஸ் செய்த பணியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அன்றைய ஆலயங்களில் மக்கள் எப்படிப் பாடினார்கள் என்பதை நாம் முதலில் அறிய வேண்டும்.

நியூ இங்கிலாந்து என்றழைக்கப்படும் அந்தப் பகுதியில் குடியேறியவர்கள் பியூரிட்டன் என்ற சீர்திருத்த சபையினர். இசைக்கருவிகள் இன்றி, திருப்பாடல்களை மட்டுமே பாடுவது அவர்கள் வழக்கம். பிரித்தானிய வட அமெரிக்காவில் அச்சான முதல் நூலே, 1640இல் வெளிவந்த அவர்களது திருப்பாடல் நூல்தான். ஆனால் நாளாக ஆக, நூல்கள் போதவில்லை; இசைக் குறியீடுகளைப் படிக்கத் தெரிந்தவர்களும் குறைந்துபோயினர். எனவே சபையின் மூப்பர் ஒருவர் ஒரு வரியை வாசிப்பார். மக்கள் அந்த வரியைப் பாடுவார்கள். பிறகு அடுத்த வரி. தெரிந்த மெட்டுகள் ஒரு சிலவே. அவற்றையும் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி இழுத்தும் வளைத்தும் பாடினார்கள்.

1720ஆம் ஆண்டளவில் அங்கிருந்த சில போதகர்கள் இந்த நிலையை மாற்ற விரும்பினார்கள். இசைக் குறிகளைப் பார்த்துப் பாட மக்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று எழுதினார்கள். 1721இல் ஜான் டஃப்ட்ஸ், தாமஸ் வால்டர் என்ற இரு போதகர்களின் இசைப் பயிற்சி நூல்கள் பாஸ்டனில் வெளிவந்தன. இந்த முயற்சியிலிருந்து பிறந்தவையே 'பாடல் பள்ளிகள்'.

பாடல் பள்ளி என்றால் பெரிய கட்டடம் என்று எண்ண வேண்டாம். ஊர் ஊராகச் செல்லும் ஓர் ஆசிரியர், மாலை வேளைகளில், ஆலயக் கூடத்திலோ விடுதியின் அறையிலோ சில மாதங்கள் வகுப்பு நடத்துவார். இளைஞர்களும் இளம்பெண்களும் வேலை முடித்து வந்து சேர்வார்கள். ஃபா, சோல், லா, மீ என்ற நான்கு அசைகளைக் கொண்டு சுரங்களைப் படிக்கப் பழகுவார்கள். முதலில் அசைகளால் பாடி, மெட்டு பிடிபட்ட பிறகே சொற்களைச் சேர்ப்பார்கள். பயிற்சி முடியும்போது ஊர் மக்கள்முன் பாடிக் காட்டுவார்கள்.

பாஸ்டனில் இப்படியொரு பாடல் பள்ளியைத் தொடங்குவதாக 1769ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு செய்தித்தாளில் அறிவிப்பு வெளியானது. அதில் ஜான் பாரி என்பவருடன் பில்லிங்ஸின் பெயரும் இருந்தது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்து மூன்று!

முதல் நூல்

அடுத்த ஆண்டு, 1770இல், 'நியூ இங்கிலாந்து திருப்பாடல் பாடகர்' என்று பொருள்படும் தலைப்பில் பில்லிங்ஸ் தமது முதல் நூலை வெளியிட்டார். அதிலிருந்த 120க்கும் மேற்பட்ட பாடல்களுக்கும் அவரே இசையமைத்திருந்தார். அதுவரை அமெரிக்காவில் அச்சான இசை நூல்கள் பெரும்பாலும் இங்கிலாந்து மெட்டுகளின் தொகுப்புகளே. ஓர் அமெரிக்கர் தம் சொந்தப் பாடல்களை மட்டுமே கொண்டு வெளியிட்ட முதல் நூல் இதுவே.

நூலின் முகப்புப் படத்தைச் செதுக்கியவர் பால் ரிவீர். அமெரிக்க விடுதலைப் போராட்ட வரலாற்றில் புகழ்பெற்ற அதே வெள்ளிக் கொல்லர்தான். மேசையைச் சுற்றி அமர்ந்து சிலர் பாடுவதும், அவர்களைச் சுற்றி இசைக் குறிகள் வட்டமாக ஓடுவதும் அந்தப் படத்தில் இருக்கும். அமெரிக்காவிலேயே தயாரான தாளில்தான் நூல் அச்சாக வேண்டும் என்பதற்காகப் பில்லிங்ஸ் பல மாதங்கள் காத்திருந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்துப் பொருள்களை மக்கள் புறக்கணித்துவந்த காலம் அது.

இசையின் விதிகளைப் பற்றி அந்த நூலின் முன்னுரையில் அவர் துணிவோடு எழுதினார். இயற்கையே சிறந்த ஆசான் என்றார். பிறர் வகுத்த விதிகளால் மட்டும் ஒருவர் இசையமைப்பாளர் ஆகிவிட முடியாது என்றார். இருபத்து நான்கு வயது இளைஞரின் துணிச்சல் அது!

ஆனால் நம் கவனத்தைக் கவர்வது எட்டு ஆண்டுகள் கழித்து, 1778இல், தமது இரண்டாம் நூலான 'பாடல் ஆசிரியரின் துணைவன்' முன்னுரையில் அவர் எழுதியது. தமது முதல் நூலைக் குலமுதல்வர் யாக்கோபின் தலைமகன் ரூபனோடு அவர் ஒப்பிட்டார். முதல் பிள்ளை என்ற பாசத்தில் அதன் குறைகள் அப்போது தெரியவில்லை. அதிலிருந்த பல பாடல்கள் அச்சிடத் தக்கவையே அல்ல என்று இப்போது உணர்கிறேன் என்ற பொருளில், எல்லாரும் அறிய ஒப்புக்கொண்டார் (தொநூ 49:3-4 காண்க). ஆகாதவற்றை நீக்கினார், மற்றவற்றைத் திருத்தினார். தமது திறமையைக் கடவுளின் கொடை என்று நம்பும் ஒருவரால்தான் தமது படைப்பை இவ்வளவு நேர்மையாகச் சோதித்துப் பார்க்க முடியும். இந்த இரண்டாம் நூலே மக்களிடையே மிகவும் பரவியது. 'பில்லிங்ஸின் சிறந்த நூல்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

அவரிடம் நகைச்சுவை உணர்வும் குறைவில்லை. அவரது பாடல்களில் எல்லாச் சுரங்களும் இனிமையாகவே ஒத்துப்போகின்றன, உரசலே இல்லை என்று சிலர் குறை கூறினர். உடனே, தொடக்கம் முதல் முடிவுவரை ஒன்றோடொன்று ஒத்துப்போகாத சுரங்களாலேயே ஒரு சிறு பாடலை அமைத்து, அதே இரண்டாம் நூலில் அச்சிட்டுவிட்டார்!

தாவீதின் கண்ணீர், பாஸ்டனின் கண்ணீர்

பில்லிங்ஸ் 300க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்தார். சொற்களைப் பெரும்பாலும் ஐசக் வாட்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞரின் திருப்பாடல் ஆக்கங்களிலிருந்தும், நேரடியாக விவிலியத்திலிருந்தும் எடுத்துக்கொண்டார். இனிமைமிகு பாடலின் இரண்டாம் அதிகாரத்திற்கு அவர் அமைத்த இசை இன்றும் பாடப்படுகிறது. இயேசுவின் கண்ணீரைப் பற்றிய ஒரு சிறு பாடலையும் அவர் 1770 நூலில் தந்தார். ஒருவர் தொடங்கிய மெட்டை, சற்றுப் பிந்தி இரண்டாமவர் தொடங்குவார். பிறகு மூன்றாமவர், நான்காமவர். ஒருவர் கண்ணீரில் மற்றவர் பங்குகொள்வது போல, ஒரே மெட்டு நான்கு குரல்களில் சுழன்று சுழன்று வரும்.

மகன் அப்சலோம் இறந்த செய்தி கேட்டு தாவீது அரசர் மாடியறைக்குச் சென்று அழுத நிகழ்ச்சி நமக்குத் தெரியும் (2 சாமு 18:33). தந்தைக்கு எதிராகப் போர் தொடுத்த மகன் அவன். படைவீரர்களுக்கு அது வெற்றி நாள். தந்தைக்கோ இழப்பு நாள். 'தாவீதின் புலம்பல்' என்ற தம் பாடலில் பில்லிங்ஸ் இந்தத் துயரத்தை மிக எளிய இசையில் வடித்திருக்கிறார். அந்தப் பாடல் வெளியான 1778ஆம் ஆண்டில் அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளைப் போருக்கு அனுப்பியிருந்த பெற்றோர் அதைப் பாடியபோது அவர்கள் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

அதே நூலில் 'பாஸ்டன்மீது புலம்பல்' என்ற பாடலும் உண்டு. 1775 ஏப்ரல் முதல் 1776 மார்ச் வரை பாஸ்டன் நகரம் பிரிட்டிஷ் படையின் பிடியில், முற்றுகைக்குள் இருந்தது. மக்கள் பலர் வீடு வாசலை விட்டு வெளியேறினர். அருகிலிருந்த வாட்டர்டவுன் என்ற ஊரிலிருந்துதான் விடுதலைப் போராளிகளின் மாநில மன்றம் அப்போது இயங்கியது. பாபிலோனின் ஆறுகள் அருகே அமர்ந்து சீயோனை நினைத்து இஸ்ரயேல் மக்கள் அழுத திருப்பாடலை (திபா 137) பில்லிங்ஸ் எடுத்தார். பாபிலோனின் இடத்தில் வாட்டர்டவுனையும், சீயோனின் இடத்தில் பாஸ்டனையும் வைத்துப் பாடினார். ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய மன்றாட்டு, தம் ஊர் மக்களின் மன்றாட்டாக மாறியது.

'செஸ்டர்' என்ற அவரது மற்றொரு பாடல் போர்வீரர்களிடையே பெரிதும் பரவியது. 1778 பதிப்பில் பிரிட்டிஷ் தளபதிகளின் பெயர்களையே சொல்லி அதில் வரிகள் சேர்த்திருந்தார். கடவுள் எங்கள் பக்கம் என்று முழங்கும் பாடல் அது. போர்க்காலத்தில் எல்லா நாட்டவரும் இப்படித்தான் பாடுகிறார்கள். ஆனால் நம் உள்ளத்தில் ஆழமாக இறங்குவது அந்த வெற்றி முழக்கத்தைவிட, பகைவனாகிவிட்ட மகனுக்காகவும் அழுத தாவீதின் புலம்பலே.

குரல்கள் பெருகியபோது...

பில்லிங்ஸும் அவர் காலத்தவரும் 'ஃபியூகிங்' என்ற ஒருவகைப் பாடலைப் பெரிதும் விரும்பினார்கள். முதலில் நான்கு குரல்களும் சேர்ந்தே பாடும். நடுவில் எல்லாம் நின்றுவிட, ஒரு குரல் மட்டும், பெரும்பாலும் கீழ்க்குரலான பேஸ், தனியே புறப்படும். அதைத் துரத்துவது போல டெனர், பிறகு மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். இறுதியில் நான்கும் மீண்டும் ஒன்றுகூடும். முதன்மை மெட்டைப் பாடுபவர்கள் டெனர் குரலினர். பாடுகிறவர்களுக்கு இது பெரும் மகிழ்ச்சி. குரல்கள் ஒன்றோடொன்று போட்டியிடும் அழகைத் தமது கடைசி நூலில் பில்லிங்ஸ் வெகுவாகப் புகழ்ந்துள்ளார்.

ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் நான்கு வெவ்வேறு சொற்களைப் பாடினால் இறைவார்த்தை யாருக்கு விளங்கும்? நம் கத்தோலிக்கத் திருச்சபையிலும் இதே கேள்வி 16ஆம் நூற்றாண்டில், திரிதெந்தின் பொதுச்சங்கத்தின்போது எழுந்தது என்பதை நாம் நினைவுகூரலாம்.

அதைவிட வேதனையான மற்றொன்றும் நிகழ்ந்தது. பாடல் பள்ளிகளில் பயின்ற இளையோர் ஆலயத்தில் தனி இடத்தில் ஒன்றாக அமர்ந்து பாடத் தொடங்கினர். பாடற்குழுக்கள் உருவாயின. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் ஊரில் 1779ஆம் ஆண்டு, வரி வரியாக வாசிக்கும் வழக்கத்தை நிறுத்துவது என்று முடிவாயிற்று. அடுத்து வந்த வழிபாட்டில், வயது முதிர்ந்த மூப்பர் ஒருவர் வழக்கம்போல எழுந்து முதல் வரியை வாசித்தார். பாடற்குழு நிற்காமல் பாடிக்கொண்டே போனது. அவர் குரலை உயர்த்தினார். குழுவின் குரல் அவர் குரலை மூழ்கடித்தது. கடைசியில் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, கண்ணீரோடு ஆலயத்தை விட்டு வெளியேறினார்.

இது பில்லிங்ஸ் நடத்திய குழு அல்ல. ஆனால் அவர் எந்த இயக்கத்திற்குத் தம் வாழ்வைக் கொடுத்தாரோ, அந்த இயக்கத்தின் மறுபக்கம் இது. மக்கள் எல்லாரும் நன்றாகப் பாட வேண்டும் என்று தொடங்கிய முயற்சி, பயிற்சி பெற்ற சிலர் பாட, மற்றவர்கள் மௌனமாகும் நிலைக்கும் இட்டுச்சென்றது. இளையோர் பக்கமும் நியாயம் உண்டு. முதியவரின் கண்ணீருக்கும் பொருள் உண்டு.

புகழ் இருந்தது, பொருள் இல்லை

1774இல் பில்லிங்ஸ் ஸ்டௌட்டன் என்ற ஊரில் ஒரு பாடல் பள்ளி நடத்தினார். ஏறத்தாழ ஐம்பது பேர் பயின்றனர். அவர்களுள் ஒருவரான லூசி ஸ்வான் என்பவரை அதே ஆண்டில் மணந்துகொண்டார். அந்த ஊர்ப் பாடகர்கள் 1786இல் அமைத்த இசைச் சங்கம், அமெரிக்காவின் மிகப் பழமையான பாடற்குழுச் சங்கங்களுள் ஒன்று.

அவரது பாடல்கள் நாடெங்கும் பரவின. ஆனால் வருமானம் வரவில்லை. காரணம், பதிப்புரிமைச் சட்டம் அப்போது இல்லை. தமது முதல் நூலுக்குப் பாதுகாப்பு வேண்டி மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தில் பில்லிங்ஸ் மனுச் செய்தார். 1772இல் மன்றம் இசைந்தும், ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் கையொப்பமிட மறுத்துவிட்டார். நாடு முழுமைக்குமான பதிப்புரிமைச் சட்டம் 1790இல் வந்தபோது, அவரது புகழ்பெற்ற மெட்டுகள் எல்லாம் பிறர் நூல்களில் ஏற்கெனவே இடம்பெற்றிருந்தன.

குடும்பத்தைக் காப்பாற்ற நகராட்சி தந்த எளிய வேலைகளை அவர் ஏற்றார். தெருவைத் துப்புரவாக வைப்பதும், தெருவில் திரியும் பன்றிகளைப் பிடித்து அடைப்பதும் அவற்றுள் அடங்கும். ஆலயங்கள்தோறும் தம் பாடல் ஒலிக்க, அவர் தெருவில் பன்றிகளைத் துரத்திக்கொண்டிருந்தார்! 1790 டிசம்பரில் பாஸ்டன் பாடகர்கள் அவருக்கு உதவுவதற்காக ஓர் இசை நிகழ்ச்சி நடத்தினர். 1794இல் வெளியான அவரது கடைசி நூலும் இத்தகைய பாடகர்களின் ஆதரவால் வந்ததே. ஆசிரியரும் மாணவரும் உரையாடுவது போல அந்த நூலில் இசைப் பாடத்தை எழுதினார். வறுமையிலும் அவர் கற்றுக்கொடுப்பதை நிறுத்தவில்லை.

1795இல் மனைவி லூசி இறந்தார். ஆறு பிள்ளைகளோடு தனித்து விடப்பட்ட பில்லிங்ஸ், 1800ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் காலமானார். அவரது கல்லறைக்கு ஒரு பெயர்க்கல்கூட நாட்டப்படவில்லை.

மக்கள் காத்த செல்வம்

அவர் மறைந்த சில ஆண்டுகளில், ஐரோப்பிய இசை முறையே சரியானது என்று கருதிய சீர்திருத்தவாதிகள் தோன்றினர். பில்லிங்ஸின் பாடல்கள் நாகரிகமற்றவை என்று ஒதுக்கப்பட்டன. பாஸ்டன் அவரை ஏறத்தாழ மறந்துவிட்டது.

ஆனால் எளிய மக்கள் மறக்கவில்லை. நாட்டின் தென்பகுதியில், சிற்றூர்களில், பாடல் பள்ளிகள் தொடர்ந்தன. ஒவ்வொரு சுரத்திற்கும் முக்கோணம், வட்டம், சதுரம், சாய்சதுரம் என்று தனித்தனி வடிவம் தந்து, குறைந்த படிப்புள்ளவர்களும் எளிதில் படிக்கும் வகையில் நூல்கள் அச்சாயின. 1844இல் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த இருவர் தொகுத்த 'திரு யாழ்' என்ற பொருள்படும் நூல் இவற்றுள் புகழ்பெற்றது. பில்லிங்ஸின் பாடல்கள் அந்த மரபில் உயிரோடு இருந்தன; இன்றும் இருக்கின்றன. அவர்கள் நான்கு பக்கமும் சதுரமாக, ஒருவரை ஒருவர் பார்த்து அமர்ந்து பாடுகிறார்கள். பார்வையாளருக்கென்று அங்கே தனி இடமில்லை. வந்தவர் எல்லாரும் பாடகரே.

20ஆம் நூற்றாண்டில் அறிஞர்களும் அவரை மீண்டும் கண்டுகொண்டனர். 1956இல் வில்லியம் ஷூமன் என்ற இசையமைப்பாளர் பில்லிங்ஸின் மூன்று பாடல்களைத் தழுவிப் பெரிய இசைக்குழுவுக்கான படைப்பு ஒன்றை உருவாக்கினார். 1977 முதல் 1990 வரை அவரது படைப்புகள் முழுவதும் நான்கு தொகுதிகளாக வெளியாயின.

நமக்கு என்ன சொல்கிறார்?

பில்லிங்ஸ் கத்தோலிக்கர் அல்லர். அவர் இளைஞராக இருந்த பாஸ்டனில் ஆண்டுதோறும் நவம்பர் 5ஆம் நாள் திருத்தந்தையின் உருவப்பொம்மையை எரிப்பார்கள். கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கே சட்டப்படி இடமில்லை. போருக்குப் பிறகே நிலை மாறியது. அந்நகரில் முதல் பொதுத் திருப்பலி 1788 நவம்பர் 2ஆம் நாள் நிறைவேற்றப்பட்டபோது, பில்லிங்ஸ் அதே நகரில் வாழ்ந்துகொண்டிருந்தார். பிரிந்திருக்கும் சகோதரர்களிடம் விளங்கும் கிறிஸ்துவின் கொடைகளை மகிழ்வோடு ஏற்று மதிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் நமக்குக் கற்பித்தது. அந்த உள்ளத்தோடு நாம் இவரைப் பார்க்கிறோம்.

அதே சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டின் 114ஆம் எண், பாடற்குழுக்களை ஊக்குவிக்கச் சொல்கிறது. அதே எண், இறைமக்கள் அனைவரும் தங்களுக்குரிய பங்கைப் பாடி முனைப்புடன் பங்கேற்கச் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டும் ஒரே எண்ணில்! வூஸ்டர் ஆலயத்தில் ஒன்றையொன்று மோதிக்கொண்ட இரண்டும் இங்கே கைகோத்து நிற்கின்றன. பயிற்சி வேண்டும், ஆனால் அந்தப் பயிற்சி யாரையும் ஆலயத்தை விட்டு வெளியேற்றக் கூடாது.

பாடும் திருச்சபை தானாக உருவாவதில்லை. யாராவது ஒருவர் மாலை நேரத்தைக் கொடுத்து, பொறுமையோடு உட்கார்ந்து, சுரம் தெரியாதவர்களுக்கும் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் மெத்தப் படித்தவராகவோ, உடல்நலம் மிக்கவராகவோ, வசதி படைத்தவராகவோ இருக்க வேண்டிய கட்டாயமில்லை. நம் பங்கு ஆலயங்களில் ஆர்மோனியத்தின் அருகே ஆண்டுக்கணக்காக அமர்ந்து, பெயரும் பொருளும் எதிர்பாராமல் பாடல் சொல்லித்தரும் உபதேசியார்களையும், பாடற்குழு ஆசிரியர்களையும், அருட்சகோதரிகளையும் இன்று நன்றியோடு நினைத்துப் பார்ப்போம். அவர்கள் கற்றுத்தரும் பாடலை நாமும் வாய்திறந்து பாடுவதே நாம் அவர்களுக்குச் செலுத்தும் கைம்மாறு.

தாவீதின் திருப்பாடல்களைத் தோல் பட்டறைத் தொழிலாளியின் நாவிலும் வைத்த இறைவன், நம் அனைவரின் நாவிலும் தம் புகழை வைப்பாராக!